திடீர் சோதனைக்கு ஒரு பெட்டி பற்றீஸ்

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு திடீர் சோதனைக்குப் போனேன். சோதிக்கப்படுகிறவனாக அல்ல — அது எனக்கு இளமையிலிருந்தே நல்ல பழக்கம். இந்த முறை சோதிக்கிறவனாக.

நம்புகிறீர்களா? நானே முதலில் நம்பவில்லை. மட்டக்களப்பில் என் வயதுக்காரர் எல்லோரும் பையைத் திறந்து காட்டிக் காட்டியே நரைத்தவர்கள். சீருடை தெரிந்தால் போதும், கேட்பதற்கு முன்பே அடையாள அட்டை கைக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவனைப் பிடித்து, ஒரு காவலரணைப் போய்ப் பார்த்து ரிப்போட் எழுது என்றால்...

விஷயம் இதுதான். தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் காலைக்குப் பிறகு எங்கள் தேவாலயங்களுக்குப் பொலிஸ் பாதுகாப்புப் போட்டார்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அந்தக் காலையை இந்த ஊர் மறக்காது. ஆனால் பாதுகாப்புக்கு நிற்கிறவர்கள் சனங்களோடு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கவும் யாராவது வேண்டுமல்லவா? அதற்கென்று பொதுமக்கள் கொமிட்டி ஒன்றை அமைத்தார்கள். சம்பளம் கிடையாது, வாகனம் கிடையாது. ஒரே ஒரு அதிகாரம் உண்டு. எந்தக் காவலரணுக்கும் முன்னறிவித்தல் இல்லாமல் போகலாம், பார்க்கலாம், எழுதலாம்.

கொமிட்டியில் எனக்குக் கிடைத்த கூட்டாளி மேர்லின் மிஸ். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர். ஓய்வு பெற்ற டைப்பிங் ஆசிரியை. இந்த ஊர் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் விரலில் அடி வாங்கியவர்கள். அவருக்கு அரசாங்க அதிபரும் 'மகன்'தான், ஓட்டோக்காரரும் 'மகன்'தான். என்னை மட்டும் கொஞ்சம் செல்லமாக 'மனே' என்பார்.

எங்களுக்கு வந்த முதல் முறைப்பாடு பாக்கியம் அக்காவுடையது. செட்டிபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நகரத்துத் தேவாலயம் ஒன்றின் வாசலுக்கு எதிரே, வாகை மரத்தடியில் மீன் விற்கிறவர். வாவி இறால், நண்டு, ஓரா மீன். காலைப் பூசை முடிந்து வருகிறவர்கள் நேரே அவருடைய பாத்திரத்தைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

மரத்தடியில் பொலிசார் இரும்புத் தடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்காவை மதகடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நிழலும் இல்லை, பூசை முடிந்து வருகிறவர்களும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவர் கொமிட்டிக்கு முன்னால் வந்து நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"பையப் பாக்கட்டும், பாத்திரத்தப் பாக்கட்டும், நான் வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா அந்த வெயிலுக்க எட்டு மணிக்கே மீன் பதம் கெட்டுப் போகுது. பாதிய வாவியிலதான் கொட்டிட்டுப் போறன். என்ட நிழலத் தாங்க. வேற ஒண்டும் எனக்கு வேணா."

பொலிசிடம் விளக்கம் கேட்டோம். 'பாதுகாப்புக் காரணம்' என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு மேலே கேட்க யாருக்கு நாக்கு எழும்பும்? போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். புதன்கிழமை, காலை ஏழு மணி, யாருக்கும் சொல்வதில்லை.

போனோம். அசந்துபோனேன்.

காவலரண் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பதிவுப் புத்தகத்துக்குப் புதிய உறை. பைகளைத் திறந்து பார்த்தவர்கள் "நன்றி அம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். இரும்புத் தடுப்பு மரத்தடியில் இல்லை. சுவரோரம் ஒதுக்கமாக நின்றது. பாக்கியம் அக்கா அவருடைய நிழலில் அவருடைய பலகையில் உட்கார்ந்து மும்முரமாக ஓரா நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு சிரிப்பு. நன்றிச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு இரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். தேநீர் வந்தது. மிஸ்ஸுக்குச் சீனி குறைத்து!

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மிஸ் தன் கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். மீனும் கிழங்கும் வைத்துப் பொரித்த சூடான பற்றீஸ். பொலிசார் ஒவ்வொருவருக்கும் ஒன்று, எனக்கு இரண்டு. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"எத்தனை பேர் நிக்கிறாங்க எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்?" என்று கேட்டேன்.

"நேத்து போன் பண்ணிக் கேட்டன்தானே."

"போன் பண்ணினீங்களா? இது திடீர் சோதனை மிஸ்..."

"ஓம் மனே. நாளைக்குத் திடீர் சோதனைக்கு வாறம் எண்டுதான் சொன்னன். சொல்லாமக் கொள்ளாம ஒருத்தர்ட இடத்துக்குப் போறதா? அதுவும் வெறுங்கையோட?"

எங்கள் ஊரில் மேற்பார்வைக் கொமிட்டி அமைத்தால் இப்படித்தான் நடக்கும். விருந்துக்குப் போகிற மரியாதையோடுதான் விசாரணைக்கும் போவோம். கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். வாயில் பற்றீஸ் இருந்தது. மிஸ்ஸின் பற்றீஸைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அப்போது கோபம் வராது.

'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஆம், நானும்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணி. என் வீட்டுப் படலையில் பாக்கியம் அக்கா. தலையில் பாத்திரம். இறக்கி வைத்து மூடியைத் திறந்தார். மீன்களின் கண் மங்கியிருந்தது.

"நேத்து நல்ல நாள் தம்பி. பத்து மணிக்குள்ள எல்லாம் வித்துப் போச்சு. நீங்க ரெண்டு பேரும் போனீங்க, மறுகா தடுப்புக் கம்பியத் தூக்கிக் கொண்டந்து பழையபடி வெச்சிட்டாங்க. இண்டைக்கு நான் திரும்ப மதகடியிலதான்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"மறுகா எப்ப வருவீங்க? பொலிசுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லுங்க தம்பி. அண்டைக்கு நான் கூட மீன் எடுத்திட்டு வருவன்."

அவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் நேரே மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். மிஸ் முழுவதையும் கேட்டார். பாத்திரத்தைப் பார்த்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பெட்டி இல்லை, போன் இல்லை. மேர்லின் மிஸ் வெறுங்கையோடு ஓர் இடத்துக்குப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

காவலரணில் இன்ஸ்பெக்டர் இருந்தார். தெற்கிலிருந்து வந்தவர், எங்கள் ஊர்த் தமிழை ஆசையோடு கற்றுக்கொண்டவர். மிஸ் உட்காரவில்லை.

"நேத்து இந்தக் கம்பி எங்க மகன் இருந்த?"

"அந்தச் சுவரோரம் மிஸ்."

"பூசைக்கு ஆக்கள் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"எல்லார்ட பையும் பாத்தீங்களா?"

"பாத்தம் மிஸ்."

"கம்பி இல்லாததால ஆராவது பாக்காம உள்ளுக்குப் போனாங்களா?"

"இல்ல மிஸ்."

"அப்ப நேத்து ஆபத்துக்கு லீவா மகன்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இத ஆர் வெச்ச எண்டு எனக்குத் தெரியா மிஸ். நான் வரக்குள்ளயே இருந்தது. எனக்கு முதல் இருந்தவரும் அப்படித்தான் சொன்னார். நேத்து உங்களுக்காக எடுத்தன். அதுக்கு முந்தின ராவு முழுக்க நித்திரை இல்ல. நான் எடுத்து, ஏதும் நடந்திட்டா?"

அந்த இடத்தில் எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய அன்பு வந்தது. எவ்வளவு உண்மை. வைக்கிறவருக்கு ஒரு கட்டளை போதும். எடுக்கிறவர்தான் தன் பெயரைக் கொடுக்க வேண்டும். இந்த நாட்டில் 'தற்காலிகமாக' வைத்த எத்தனை தடுப்புகள் இப்படி, எடுக்கப் பயந்த நல்ல மனிதர்களால் நிற்கின்றன? மேற்பார்வை என்றால் குற்றம் பிடிப்பது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பயத்தில் பாதியை வாங்கிக்கொள்வதும் அதில் சேர்த்திதான்.

மிஸ்ஸுக்கு இது எனக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது.

"நீங்க தனிய எடுக்க வேணா மகன். நாங்க எழுதித் தாறம். கீழ எங்கட பேர் இரிக்கும்."

பழைய ரிப்போட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். எங்கள் வருகை பொலிசுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அது எங்கள் தவறு. அன்று தடுப்பு சுவரோரம் இருந்தபோதும் சோதனை ஒரு குறையும் இல்லாமல் நடந்ததை நேரில் கண்டோம். ஆகவே தடுப்பு அங்கேயே இருக்கலாம், பாக்கியம் அக்கா மரத்தடியில் இருக்கலாம். மிஸ் அன்று போன் பண்ணாமல் இருந்திருந்தால் இந்த அத்தாட்சி எங்களுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்? இதை மட்டும் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் இனி எல்லாச் சோதனைக்கும் போன் பண்ணுவார்.

இன்ஸ்பெக்டர் வாசித்தார். ஒரு பிரதியை மேலதிகாரிக்கு என்று எடுத்துக்கொண்டார். பிறகு தானே ஒரு முனையைப் பிடித்துத் தடுப்பைச் சுவரோரம் நகர்த்தினார்.

சரி, நகர்த்தினார். ஆனால் நாங்கள் போன பிறகு?

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். இம்முறை உண்மையிலேயே திடீரென்று. கதிரை இல்லை, தேநீர் இல்லை. ஒரு பொலிஸ்காரர் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டு கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார். பதிவுப் புத்தகத்தின் உறை ஏற்கெனவே கிழிந்திருந்தது. தடுப்பு சுவரோரம் அப்படியே நின்றது. அதில் யாரோ மழைச்சட்டையைக் காயப் போட்டிருந்தார்கள்.

மரத்தடியில் பாக்கியம் அக்கா. அவருக்கு முன்னால் வழக்கமான ஒரு பாத்திரத்துக்குப் பதில் இரண்டு பாத்திரங்கள், நிறைய இறாலும் நண்டும்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

"பொலிசுக்கு ஒரு சொல்லும் சொல்லல்ல மனே," என்றார் மிஸ். "அவவுக்கு மட்டும்தான் சொன்னன்."