நான் மறைத்த நாலு அடி

பழைய மினிபஸ் ஒன்றை வாங்கி, படுக்கை போட்டு, ஊர் சுற்றும் வீடாக்கினேன். என் பர்மிய மனைவி மா கின்னுக்கு ங்கப்பி இல்லாமல் சோறு இறங்காது. அந்த மீன் விழுதை வறுக்கும் வாடை படுக்கையில் ஏறக் கூடாதென்று, பின்பக்கம் நாலு அடிக்கு அடுப்படி ஒன்றை வெல்டிங் வைத்து ஒட்டினேன். வண்டி இருபத்தொன்பது அடி ஆனது.

ரங்கூன் ஏரிப் பூங்காவில் தண்ணீரோரம் இருபத்தைந்து அடி வண்டிகளுக்குத்தான் இடம். நீள வண்டிகளுக்குக் கழிப்பறைக்குப் பின்னால். காலில் மாவுக்கட்டோடு இருந்த மா கின், வண்டியிலிருந்தே ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டாள். இடம் பதியப் போன் செய்தபோது, நீளம் கேட்டதற்குக் கூசாமல் "இருபத்தைந்து" என்றேன். அடுப்படியை யார் அளக்கப் போகிறார்கள்?

போய் நிறுத்தினால் அடுப்படி பாதையை மறித்தது. காவலர் டேப்போடு வந்தார். அவரைத் திட்டினேன், வண்டியை முன்னே நகர்த்த விடாத மரத்தைத் திட்டினேன், பூங்காவையே திட்டினேன்.

கழிப்பறைப் பக்கம் சின்ன வேன் வைத்திருந்த இன்சீன் பகுதிக்காரர் கோ மணி வந்தார்.

"கடைசி ஏரி இடத்தை யாரோ போன்ல பிடிச்சிட்டாங்கன்னு என்னை அங்க போட்டுட்டாங்க. மாத்திக்கலாமா அண்ணே?"

மாற்றிக்கொண்டோம். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் அவரே நாற்காலியோடு வந்தார். "அக்காவ இதுல உக்கார வைங்க. ரெண்டு பேருமா ஏரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்."

தூக்கும்போது கேட்டார்: "வண்டி எத்தனை அடிண்ணே?"

"இருபத்தொன்பது."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரோடும் சண்டை பிடித்திருப்பேன். கேட்காமல் விட்டதுதான் இன்றும் உறுத்துகிறது.