எட்டு மைலில் ஒரு தாய் வீடு

காந்தா கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்தது அறுபத்து நாலாம் வருஷம், தை மாதம். வந்தவளை ஊரே ஒரே வார்த்தை சொல்லி வரவேற்றது. "சொந்த ஊருக்கே வந்துட்டே!" மாமியார் கிருஷ்ணம்மாள் சொன்னாள், பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சொன்னார், பூக்காரி கூட விட்டுவைக்கவில்லை. காந்தா தலையை ஆட்டி வைத்தாள். அவள் பிறந்து வளர்ந்தது வங்காளத்தில், கரக்பூர் ரயில்வே காலனியில். இருபது வயது வரை காஞ்சிபுரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

வெளியூரிலிருந்து வந்த மருமகள் என்றால் நாலு நாளாவது பாவம் பார்ப்பார்கள். தெரியாததைச் சொல்லிக் கொடுப்பார்கள். சொந்த ஊருக்கு வந்தவளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. வந்த புதிதில் ஒரு காலை, தெருவில் தறிக்கான நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருந்தார்கள். குடத்தோடு போன காந்தா பாவைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும் என்று தெரியாமல் நூலைத் தாண்டிவிட்டாள். தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது. "நம்மூர்ப் பொண்ணுக்கு இது கூடவா தெரியாது?" என்று ஒருத்தி கேட்டாள். காந்தாவுக்கு நாலு பாஷை தெரியும். ஆனால் பாவு என்ற வார்த்தையை அவற்றில் எதிலும் கேட்டதில்லை.

அவள் அப்பா கண்ணாயிரம் திருப்புட்குழிக்காரர். ஜப்பான் சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போய்க் கரக்பூர் ரயில்வே பட்டறையில் கலாசித் தொழிலாளியாகச் சேர்ந்தவர். அம்மா எல்லம்மாள் முசரவாக்கத்துப் பெண். அங்கே அவளுக்கென்று யாரும் மிச்சமில்லை. பெண்ணை நம் பக்கத்து மாப்பிள்ளைக்குத்தான் கொடுப்பது என்று கண்ணாயிரம் பிடிவாதமாக இருந்தார். மாப்பிள்ளை ராமலிங்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். சாது. அம்மா போட்ட கோட்டைத் தாண்டாதவன். ரயில்வே பாஸில் வந்து கல்யாணம் செய்து கொடுத்துவிட்டு, மூன்றாம் நாளே அப்பாவும் அம்மாவும் திரும்பிப் போனார்கள். அந்தப் பாஸில் அதுவரை காந்தாவின் பெயரும் இருந்தது. கல்யாணத்தோடு அடித்துவிட்டார்கள்.

கரக்பூர் போக இரண்டு ராத்திரி, ஒரு பகல். போய் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் காந்தாவுக்கு இருந்த ஒரே ஆசை. முதல் ஆடி வருகிறது, புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பித்தானே தீர வேண்டும் என்று அவள் ஆனி மாதமே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள்.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள், தாம்பாளத்தில் பழமும் புடவையுமாகத் திருப்புட்குழியிலிருந்து பெரியப்பா வீரபாகுவும் பெரியம்மா பொன்னியம்மாளும் வந்து நின்றார்கள்.

"உன் தாய் வூட்லேர்ந்து வந்துக்கிறாங்க பாரு," என்றாள் கிருஷ்ணம்மாள்.

"அத்த, எங்கம்மா கரக்பூர்ல இல்ல இருக்குது?"

"அது உங்கப்பன் பொழைக்கப் போன ஊருமா. வூடுன்னா இதான்."

அப்பா தன் அண்ணனுக்கு எழுதியிருந்தாராம். தன்னால் லீவு போட முடியவில்லை, முறையை நீங்கள் செய்துவிடுங்கள் என்று. ஆக, ஊர் கூடி ஒரு பெண்ணுக்குத் தாய் வீடு தேடிக் கொடுத்துவிட்டது. எட்டே மைல். பஸ் வசதி வேறு. காந்தா அந்த வீட்டு வாசற்படியை அன்றைக்குத்தான் முதன்முதலாக மிதித்தாள்.

பொன்னியம்மாளுக்குக் குழந்தை கிடையாது. திருப்புட்குழிப் பெருமாள் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ பெண்கள் பிள்ளை வரம் கேட்டு வந்து, வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்து, முளை விட்டதா என்று விடியலில் பிரித்துப் பார்ப்பார்கள். கோயிலுக்குக் கூப்பிடு தூரத்திலேயே முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு ஒரு பயறும் முளைக்கவில்லை. அவளுக்குக் காந்தா வந்தாள். பொன்னியம்மாள் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், தலை பின்னினாள், ராகிக் களியை உருட்டிக் கையில் வைத்தாள். ஒரு மாதம் முடிந்து காந்தாவை அழைத்துப்போக ராமலிங்கம் வந்தபோது, "இன்னும் நாலு நாளு இருக்கட்டும்பா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காந்தாவுக்கு அவளைப் பிடிக்காமல் இல்லை. அதுதான் கஷ்டம். பிடிக்காத இடமாக இருந்தால் சண்டை போட்டாவது கரக்பூருக்கு ரயிலேறியிருப்பாள்.

அறுபத்தாறில் முதல் பிரசவமும் திருப்புட்குழியில்தான். எல்லம்மாள் கட்டாயம் வருவதாக இருந்தது. 'அம்மாவுக்கு மூச்சிழுப்பு ஜாஸ்தி. பனி விட்டதும் புறப்படுகிறோம்' என்று அப்பாவின் கார்டு வந்தது. பனி விட்டது, வெயில் வந்தது, அவர்கள் வரவில்லை. பெண் குழந்தை பிறந்து வேணி என்று பெயரும் வைத்தாயிற்று. மருந்து இடித்ததும், பத்தியச் சோறு வடித்ததும், ராத்திரியெல்லாம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் பொன்னியம்மாள்தான். "என் பொண்ணுக்கு இன்னா குறை?" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் காந்தாவுக்குச் சொந்த அம்மாவை யாரோ கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வருவது போலிருந்தது. வாயைத் திறந்து சொல்ல முடியுமா? நன்றி கெட்டவள் என்பார்கள்.

கரக்பூர்ப் பயணம் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போயிற்று. ஒரு வருஷம் கடைக்கு ஆளில்லை, ஒரு வருஷம் குழந்தைக்கு மணல்வாரி அம்மை. "அடுத்த கோடைக்குக் கண்டிப்பா போலாம்," என்பான் ராமலிங்கம். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. சொல்கிறபோதெல்லாம் நம்பித்தான் சொன்னான்.

அறுபத்தொன்பது புரட்டாசிக் கடைசியில் சைக்கிள் கடைக்குத் தந்தி வந்தது. எல்லம்மாள் போய்விட்டாள். ராமலிங்கம் தந்தியை முதலில் தன் அம்மாவிடம் காட்டினான். அம்மாவும் பிள்ளையும் உள்ளே பேசி முடித்த பிறகுதான் காந்தாவுக்குச் சொன்னார்கள். அப்போது அவள் வயிற்றில் நாலு மாசம்.

"நான் போவணும்," என்றாள் காந்தா.

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள அங்க இன்னா இருக்கும் காந்தா?" என்றான் ராமலிங்கம். "ரெண்டு ராத்திரி ரயில்ல. வயித்துல புள்ள வேற. உன் தாய் வூட்டுல போயி அழுதுட்டு வா. பெரியப்பா பங்காளி இல்லியா, அங்கதான் எல்லாரும் கூடுவாங்க."

அவன் சொன்னதில் கணக்குத் தப்பு எதுவும் இல்லை. போய்ச் சேரும்போது சாம்பல்தான் இருக்கும். ஆனால் அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் அப்பா இருப்பார், அம்மா தூங்கிய கட்டில் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இடுப்பில் வேணியோடு திருப்புட்குழி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அங்கே ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல ஒப்பாரிதான், குறை சொல்ல முடியாது. எல்லம்மாள் நாற்று நட்ட அழகைப் பாடினார்கள், பொன் வளையல் குலுங்கத் தண்ணீர் எடுத்ததைப் பாடினார்கள். அவர்களில் பாதிப் பேர் எல்லம்மாளைப் பார்த்ததே இல்லை. மீதிப் பேர் அவளோடு பழகி இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. காந்தாவின் அம்மா குளிர்காலத்தில் புடவை மேல் அப்பாவின் ரயில்வே கோட்டை மாட்டிக்கொண்டு திரிவாள். அரைகுறை வங்காளியில் மீன்காரனோடு சண்டை போடுவாள், சண்டை முடிந்ததும் அவனுக்கே டீ கொடுப்பாள். அந்த எல்லம்மாளுக்காக அங்கே அழ ஒருத்தரும் இல்லை. காந்தாவுக்கும் அழுகை வரவில்லை.

"கல்லு கணக்கா குந்திக்கினு இருக்குதே இந்தப் பொண்ணு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பொன்னியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். "அழுதுடு கண்ணு. நான் இருக்கேன் இல்ல? உனுக்கு அம்மா எங்கியும் போவல. உன் தாய் வூடு இதோ அப்படியே இருக்குது."

காந்தா அந்தக் கையை உதறினாள். ஐந்து வருஷமாக அடக்கி வைத்தது அத்தனையும் சேர்ந்து வந்தது.

"நீங்க எங்கம்மா இல்ல! இது எங்கம்மா வூடும் இல்ல! எங்கம்மாவ ஒரு தபா பாக்க வுட்டீங்களா யாராவது? எங்க போவணும்னாலும் இங்கியே கொண்டாந்து தள்ளுனீங்க. நீங்க இல்லாங்காட்டி என்ன அங்க அனுப்பியிருப்பாங்க!"

ஒப்பாரி நின்றுபோயிற்று. பொன்னியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். மூன்றாம் நாள் காந்தா கிளம்புகிற வரைக்கும் அவளுக்கு வேளா வேளைக்குச் சோறு வந்தது, வெந்நீர் வந்தது. பொன்னியம்மாள்தான் எதிரே வரவில்லை.

அந்த மார்கழியில் கிருஷ்ணம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். படுத்த படுக்கையிலிருந்தே தீர்மானம் சொன்னாள். "என்னால ஒரு வெந்நீ கூட வெக்க முடியாது. பிரசவத்துக்கு உன் பெரியம்மா வூட்டுக்குப் போயிடு. அவ உன்ன உள்ளங்கையில வெச்சித் தாங்குவா. எனுக்கு எங்க நாத்தனாவ வரச் சொல்லிக்கிறேன்."

திருப்புட்குழியில் நடந்தது அவர்கள் காதிலும் விழுந்துதான் இருந்தது. "பெத்தவ மாதிரி. கோவத்த இன்னுமா வெச்சிக்கினு இருப்பாங்க?" என்றான் ராமலிங்கம்.

காந்தாவுக்கும் போக வேண்டும் போலத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், மூன்று மாதமாக அவளுக்கு அம்மா நினைவு வரும்போதெல்லாம் பொன்னியம்மாளின் முகமும் கூடவே வந்தது. எண்ணெய் தேய்த்துவிட்ட கை, பிள்ளையோடு விழித்திருந்த கண். தாயில்லாமல் போன பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது. தை பிறந்ததும், ஏழாம் மாச வயிற்றோடு, வேணியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது என்ன பேசுவது, எப்படிக் காலில் விழுவது என்றெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பொன்னியம்மாள் கதவைத் திறந்தாள். வேணி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டதும் தூக்கி முத்தம் கொடுத்தாள். காந்தாவைப் பார்த்து, "வாம்மா, வெயில்ல வந்துக்கிறியே," என்றாள். கூடத்தில் பாய் விரித்தாள். காந்தா வழக்கம்போல நேரே அடுப்படிக்குப் போகப் பார்த்தாள்.

"நீ குந்துமா. நான் கொண்டாறேன்."

மோர் வந்தது. அப்புறம் வடை, பாயசத்தோடு சாப்பாடு வந்தது. பொன்னியம்மாள் பக்கத்தில் நின்று விசிறினாள். காந்தாவால் சோற்றைப் பிசைய முடியவில்லை.

"பெரியம்மா, அன்னிக்கு நான் துக்கத்துல பேசிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

"துக்கத்துலதாம்மா உள்ள இருக்கிறது வெளிய வரும்," என்றாள் பொன்னியம்மாள். குரலில் கோபமே இல்லை. "நீ பொய்யொண்ணும் சொல்லலியே. ஒரு பொண்ண அவ அம்மாகிட்ட போவவுடாம அஞ்சு வருசம் நானு வெச்சிக்கினு இருந்துக்கிறேன். அது எனுக்குத் தெரியாமப் போச்சி. தெரிஞ்ச பொறவு எந்த மூஞ்சியோட உன்ன என் பொண்ணுன்றது?"

"அப்படியெல்லாம் இல்ல பெரியம்மா…"

"நல்லா சாப்புடு. வயித்துப் புள்ளக்காரி." அவள் இலையில் இன்னொரு வடையை வைத்தாள். "கடைசி பஸ்ஸு அஞ்சரைக்கு. இருட்டறதுக்கு முன்ன வூட்டுக்குப் போயிடலாம்."

அதற்கு மேல் கேட்க காந்தாவுக்கு உரிமை என்று ஒன்றும் இருக்கவில்லை. அவளே வேண்டாம் என்று சொன்ன உரிமைதான். கிளம்பும்போது பொன்னியம்மாள் குங்குமமும் பூவும் கொடுத்தாள். வேணியின் கையில் அஞ்சு காசுக் கடலை மிட்டாய் கொடுத்தாள். ரோடு வரைக்கும் பெரியப்பா துணைக்கு வந்தார். மூன்று மாசத்துக்கென்று துணி அடைத்து வைத்திருந்த பையை அவரே பஸ்ஸுக்குள் தூக்கி வைத்து, "பாத்துப் போமா," என்றார்.