நொண்டாத குதிரை

குதிரை நொண்டுவதை எப்படி மறைப்பார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்த நாளிலிருந்து வயிறு எரிகிறது.

என் தம்பி நுவரெலியா வாவிக்கரையில் குதிரை பிடித்துக்கொண்டிருந்தான். குதிரை அவனுடையது இல்லை, டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியுடையது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. சுற்றுலா வருகிறவர்களை அதன் முதுகில் ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாவியோரமாகக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய் வருவான். வேலை முடிந்தால் அது நிற்பது, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலில். புல் அறுத்துப் போடுவது நான். கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது தலையில் புல்லுக்கட்டு இல்லையென்றால் தகரத்தை உதைக்கும். அவ்வளவு உரிமை அதற்கு.

சுற்றுலாக் கூட்டம் குவியும் ஏப்ரல் சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மழை ஈரத்தில் கல்லில் சறுக்கி வலது முன்காலை மடக்கிக்கொண்டது. குளம்புக்கு மேலே இருக்கும் மூட்டு வீங்கி, தொட்டால் சுட்டது. அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும், இடது காலுக்கு வந்ததும் தலையைத் தாழ்த்தும். எந்தக் காலில் வலி என்று தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மிருக வைத்தியர் வந்து அமுக்கிப் பார்த்தார். மூட்டைப் பிடித்திருக்கும் நார் பிய்ந்திருக்கிறது, சீசன் முழுக்க வேலை வாங்காமல் நிற்க விடுங்கள், இல்லாவிட்டால் மூட்டே போய்விடும் என்றார். முதலாளி நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார். நானும் நம்பினேன்.

எங்கள் லயத்தில் மூட்டு வலிக்கு ஒரே வைத்தியம்தான். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்து, மேலே யூகலிப்டஸ் தைலம் தேய்ப்போம். மலை ஏறி ஏறி என் வலது முழங்காலும் தேய்ந்துபோய்க் கிடந்தது. வேலை விட்டு வந்ததும் என் காலுக்கு ஒத்தி, அதே முடிச்சோடு கொட்டிலுக்குப் போய் அதன் காலுக்கும் ஒத்துவேன். அது மூச்சை என் கழுத்தில் விட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும்.

சில நாட்களில் நொண்டல் நின்றுவிட்டது. தலை ஆடவில்லை, நேராக நடந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முழங்கால் பிடித்த பெண்களெல்லாம் கையில் போத்தலோடு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதற்குக் குதிரைத் தைலம் என்று பேர்கூட வைத்தார்கள். முதலாளி குதிரையை வாவிக்கரைக்குக் கொண்டுவரச் சொன்னபோது, வைத்தியர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "அதான் நல்லா நடக்குதேக்கா" என்று சொல்லிவிட்டுத் தம்பி கூட்டிக்கொண்டு போனான்.

ஆனால் வீக்கம் வற்றவே இல்லை. புல்லையும் சரியாகத் தின்னவில்லை. ஒரு முன்காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றுகொண்டே இருந்தது. ஒருநாள் சாயந்தரம் சேறு எடுக்கலாம் என்று இடது முன்காலை, அந்த நல்ல காலை, தூக்கினேன். உடம்பெல்லாம் சிலிர்த்துக் காலை உருவிக்கொண்டது. மறுபடி மெல்லத் தூக்கிப் பார்த்தேன். லாடத்துக்கும் உள்ளங்குளம்புக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கல். வழியில் ஏறிய கல் இல்லை. லாடத்தைக் கழற்றி, கல்லை வைத்து, மறுபடி அடித்திருந்தார்கள். ஆணிகள் புதிதாக மின்னின.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் லாடத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ கொழுந்துக்குப் போன நேரத்துல மொதலாளி ஆள் வச்சு செஞ்சாருக்கா. ஒரு கால் வலிச்சாத்தான் நொண்டும். ரெண்டும் வலிச்சா எந்தக் காலுக்குன்னு நொண்டும்? நேராத்தான் நடக்கும்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். நானும் என் தைலமும்! வலி போய்விட்டது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அது இரண்டு மடங்கு வலியோடு நின்றிருக்கிறது.

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "என்னைய மட்டும் ஏசு. நீயும்தான காலையில பெரட்டுல முழங்கால் வலிய மறைச்சுக்கிட்டு நிமிந்து நிக்கிற? நொண்டினா பேர் போட மாட்டாங்கன்னுதான?"

பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம்; அங்கே பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. அவன் சொன்னது உண்மை. அதனால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் நிமிந்து நிக்கிறது என் வயித்துக்குடா. அது யாரு வயித்துக்கு நடக்குது?"

குறட்டைக் கொண்டுவரச் சொல்லி, அவன் கையாலேயே லாடத்தைக் கழற்ற வைத்தேன். கல் விழுந்த இடத்தில் சீழ் கட்டியிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். முதலாளி தன் மற்றக் குதிரைகளுக்குப் பக்கத்தில் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கல்லை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஐயா, இத ஒங்க சப்பாத்துக்குள்ள போட்டுக்கிட்டு வாவிய ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நொண்டாம வந்தீங்கன்னா குதிரைய நானே கூட்டிட்டு வர்றேன்."

குதிரைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையைக் குதிரையில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண் என்ன விஷயம் என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த பாஷையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். "அனே, பவ்", ஐயோ பாவம் என்று சொல்லிப் பிள்ளையை இறக்கிக்கொண்டாள். முதலாளியின் முகம் செத்துப்போனது.

"நொண்டிக் குதிரைய நீங்களே வச்சுக் கும்புடுங்க. ஒன் தம்பி இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று கத்தினார்.

கும்பிடவில்லை. வைத்துக்கொண்டோம். தம்பி இப்போது மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றுகிறான். என்னோடு வெகுநாள் பேசவில்லை. வேலையைப் பறிகொடுத்தவன், கோபம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் அவன்மேல் கோபம் தீரவில்லை. அவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதானே நடந்தான்.

மிருக வைத்தியர் மறுபடி வந்து இடது குளம்பைக் கீறி மருந்து கட்டினார். புண் ஆறிய பிறகு ஒரு காலையில் கொட்டிலை விட்டு வெளியே விட்டேன். பனி இன்னும் விலகவில்லை. இடது காலை நன்றாக ஊன்றியது. வலது காலை வைக்கும்போது தலையைத் தூக்கியது. நொண்டியது, ஒரு காலில் மட்டும். வலி எங்கே இருக்கிறதோ அங்கே நொண்டியது. அதைப் பார்த்துச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிறகு பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். ஓடினேன் என்றால், நொண்டிக்கொண்டு. பெரட்டு வாசலுக்குப் போனதும் வழக்கம்போல நிமிரப் போனவள், நிமிரவில்லை. கண்டாக்கையா வேலை பிரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்னாம்மா, காலுல?"

"வலிக்குதுங்க ஐயா" என்றேன்.