கீழே பார்த்த பிறை

எங்கள் மிளகுத் தோட்டத்தின் உச்சியில் ஒரு வாரம் தங்க இடம் கேட்டு ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் வந்து நின்றபோது, அவர்களுக்கு வழி தவறிவிட்டது என்றுதான் வாப்பா நினைத்தார். யட்டவத்தையிலிருந்து மேலே ஏறும் அந்தப் பாதையில் லொறிகூடத் தயங்கித்தான் வரும். அவர்களோ ஒரு வீட்டையே வேனுக்குள் வைத்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, பூப்போட்ட திரை, ஆணியில் தொங்கும் சட்டிகள் எல்லாம் இருந்தன.

வாப்பா கிணற்றடிப் பக்கம் நல்ல நிழலாக ஓர் இடம் காட்டினார். வேண்டாம் என்றார்கள். உச்சியில் தண்ணீர் இல்லை, கக்கூஸ் இல்லை, வெளிச்சம் இல்லை, அட்டை மட்டும் நிறைய உண்டு என்று தன் கடையில் பழகிய ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். வெளிச்சம் இல்லை என்றதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர்களுக்கு இருட்டுத்தான் வேண்டுமாம். வானத்தைப் பார்க்க வந்தவர்களாம்.

“வானம் அவங்கட ஊர்ல இல்லியா?” என்று உம்மா கேட்டார்.

தோட்டத்தின் உச்சி ஒரு மொட்டைத் தட்டு. புல்லும் பாறையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. கிழக்கே திரும்பினால் மாத்தளைப் பள்ளத்தாக்குக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைகள் அடுக்கடுக்காய் நிற்கும். மேற்கே குருநாகல் பக்கத்துத் தாழ்நிலம் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடக்கும். அங்கே போய் வேனை நிறுத்தினார்கள். மார்கழி மழை அன்றே பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. வானம் பார்க்க வந்தவர்கள் வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுமுறை. ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்கலாம். அந்த அம்மா எங்கே குளிக்கிறா, எப்படிச் சமைக்கிறா, கழுத்துவரை வெட்டிய முடியை எப்படிச் சீவுகிறா என்று உம்மாவுக்குத் தினமும் செய்தி வேண்டியிருந்தது. உம்மா பலாக்காய்க் கறி கொடுத்தனுப்புவார். வெறும் கோப்பையும் புதுச் செய்தியும் திரும்பி வரும்.

மூன்றாம் நாள் மழை சற்று ஓய்ந்த நேரத்தில் அந்த அம்மா நீளமான ஒரு குழாயை முக்காலியில் பொருத்தி, என்னைப் பார்க்கச் சொன்னா. எதிர் மலையில் இரண்டு மாடுகள் தலைகீழாக நடந்தன. கால்கள் மேலே, முதுகு கீழே. நான் அலறிவிட்டேன். புருஷனும் மனைவியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் வானம் வெளுத்தது. அன்று ஷஃபான் மாதம் இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு மாதம் பிறக்கும், தலைநோன்பு. அந்த வருஷம் தலைநோன்பு பிடிக்கலாம் என்று உம்மா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் குடத்தோடு ஏறினேன். தாழ்நிலத்தின் மேல் மட்டும் ஒரு கரிய மேகம் படுத்திருந்தது. அந்த அம்மா குழாயை மேற்குப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு என்னைக் கையால் கூப்பிட்டா.

உள்ளே பார்த்தேன். வெள்ளைவெளேரென்று ஒரு குட்டிப் பிறை.

அந்த அம்மா ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னா. நானும் அவ சொன்ன எல்லாச் சொல்லுக்கும் ஆட்டுவதுபோல அதற்கும் தலையை ஆட்டினேன். பிறகு குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். மிளகுக்கொடிகளுக்குள் விழுந்து எழுந்து, முழங்கால் சிராய்த்து, பள்ளிவாசலின் படலைக் கதவடியில்தான் போய் நின்றேன்.

மஃரிப் தொழுகை முடிந்து ஆண்களெல்லாம் முற்றத்தில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேகம்தான் தெரிந்தது.

“வாப்பா, பிறை கண்டேன்!” என்று கத்தினேன்.

முற்றமே என் பக்கம் திரும்பியது. வாப்பாவின் முகத்தில் அன்று கண்ட பெருமையை நான் பிறகு அதிகம் கண்டதில்லை. பள்ளிவாசல் தலைவரான ஹாஜியார், நோன்பை அறிவிக்க நகரா முரசை அடிக்கச் சொல்லி ஆளை உள்ளே அனுப்பப் போனார்.

“கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்” என்று லெப்பை குறுக்கிட்டார். தொழுவிக்க வந்த மனிதர். கிழக்குக் கரைப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முப்பது வயதுக்குள்தான் இருப்பார். அவர் படலைக்கு வந்து, என் உயரத்துக்குக் குனிந்தார்.

“மகள், பிறைட கொம்பு எந்தப் பக்கம் பார்த்திச்சு?”

நான் கண்டதைச் சொன்னேன். “கீழ பார்த்திச்சு.”

யாரோ சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் தலைப்பிறை கொம்பை மேலே நீட்டிக்கொண்டு தோணிபோலக் கிடக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கண்டது அதுவல்லவே.

“எங்க நிண்டு பார்த்த?” ஹாஜியார் கேட்டார்.

“வெள்ளக்கார அம்மாட குழாய்க்குள்ள.”

ஹாஜியார் வாப்பாவைப் பார்த்தார். “பொம்புளப் புள்ளய அந்தக் கூட்டத்துக்கிட்ட அனுப்பினா இப்படித்தான். ஊரையே பொய்க்கு நோன்பு பிடிக்க வச்சிருப்பா.”

வாப்பா தலை நிமிரவில்லை. நான் அழத் தொடங்கினேன். பொய் என்ற சொல்தான் சுட்டது.

“புள்ள பொய் சொல்ல நினைச்சா கொம்பு மேலண்டு சொல்லியிருக்கும்” என்றார் லெப்பை. “அது கண்டத நானும் போய்ப் பார்க்கிறேன். நீங்களும் வாங்க” என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். ஹாஜியார் ஏதோ சொன்னார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டோர்ச் வெளிச்சத்தில் மூவரும் ஏறினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அத்தனை நட்சத்திரங்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. நக்கிள்ஸ் இருந்த இடம் வெறும் கறுப்பாக இருந்தது. அதன் விளிம்பிலிருந்தே வானம் தொடங்கியது. மேகமும் கலைந்திருந்தது. மேற்கே பிறை எதுவும் இல்லை. ஆனால் குழாய்க்குள் என் பிறை அப்படியே இருந்தது.

லெப்பை ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் அசையவில்லை. தலையை எடுத்து வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பெரிய நட்சத்திரம்தான் பளபளத்தது. மறுபடி குழாய்க்குள் பார்த்தார்.

“இது வெள்ளி” என்றார் வாப்பாவிடம். “நம்மட அந்தி வெள்ளி. இது பிறை மாதிரி இரிக்கு.”

வெள்ளைக்காரர் உருண்டையான ஒரு தோடம்பழத்தை எடுத்து, லாந்தருக்கு முன்னால் பிடித்து மெல்ல நகர்த்திக் காட்டினார். பழத்தின் ஓரத்தில் வெளிச்சம் பிறையாக மெலிந்தது. லெப்பை பழத்தைத் தன் கைக்கு வாங்கினார். தானே நகர்த்திப் பார்த்தார். கொம்பு ஏன் கீழே பார்த்தது என்று அவர் யோசித்துக்கொண்டு நின்றபோது, நான் மாடுகளின் கதையைச் சொன்னேன். அந்த இருட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை இப்போதும் கேட்க முடிகிறது.

“இத்தன வருஷமா கண்ணால பார்த்துக்கிட்டு இருந்தேன் மகள். இதுக்குள்ள இப்படி ஒண்டு இரிக்குதுண்டு தெரியாமப் போச்சே.”

நான்கு தடவையோ ஐந்து தடவையோ பார்த்தார். இரவின் இஷாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று வாப்பாதான் அவரை இழுத்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது.

தொழுகைக்காகப் பள்ளிவாசல் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். நானும் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படலையில் நின்றேன். லெப்பை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “நாளைக்கு நோன்பில்ல. மாதம் முப்பதாப் பூர்த்தியாகும். ஆனா புள்ள பொய் சொல்லல. அது கண்டத நானும் அந்தக் கண்ணாடிக்குள்ள கண்டேன்.”

ஹாஜியார் முதல் ஆளாக உள்ளே போய் வரிசையில் நின்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வேன் இறங்கிப் போனது. நான் தலைநோன்பு பிடித்து, பின்நேர அஸர் தொழுகைக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்து, உம்மாவின் கையால் தண்ணீர் குடித்தேன். அந்த மாதம் முழுக்கப் பெரியவர்களின் பேச்சில் சில சொற்கள் காதில் விழுந்தன. பிறை பார்க்கிற நேரத்தில் பள்ளியை விட்டுப் போனது, இஷா பிந்தியது, சாராயப் போத்தல் கிடக்கிற இடத்துக்குப் போனது. அங்கே போத்தல் ஒன்றும் கிடக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அதையெல்லாம் ஏன் குற்றம்போலப் பேசுகிறார்கள் என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் லெப்பை பள்ளிவாசல் அறைச் சாவியை ஹாஜியாரிடம் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் புறப்பட்டார். பெருநாளுக்கு எல்லாரும் ஊருக்குப் போவது வழக்கம்தானே, இவர் கொஞ்சம் பிந்திப் போகிறார் என்று நினைத்தேன். பஸ் நிற்கும் இடம் கடைவீதியின் அந்தக் கோடியில், ஹாஜியாரின் கடைக்கு நேர் எதிரே இருந்தது. வாப்பா அன்று தன் கடையைப் பூட்டிவிட்டு, லெப்பையின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, வீதியின் நடுவால் நடந்தார். சாமான் தூக்கக் கடையில் ஆள் இருந்தது. லெப்பை பெட்டியைத் தரும்படி இரண்டு மூன்று தடவை கெஞ்சினார். வாப்பா கொடுக்கவில்லை. கடைக்காரர்கள் எல்லாரும் எழுந்து பார்த்தார்கள்.

நானும் பின்னாலேயே நடந்தேன். பாவம், லெப்பைக்கு முதுகு வலிக்குதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.