அக்காளுக்காக நான் போர்த்திய பட்டு

ராமநாதபுரம் வட்டாரத்தில் கல்யாணப் பட்டு எடுக்கிறவர்கள் என் கடைப் படி ஏறாமல் வேறு கடைக்குப் போவதில்லை. போனாலும் திரும்பி வந்துவிடுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைதான். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். தலையில் துணி மூட்டையோடு உப்பூரிலும் மாரியூரிலும் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேலை விற்றவள், இன்று இரண்டு மாடி கட்டி, மேல்மாடி முழுக்கப் பட்டாக அடுக்கி வைத்திருக்கிறேன் என்றால் சொல்லிக்கொள்ள வேண்டாமா?

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணப் பெண் யாராக இருந்தாலும், எந்த ஊர் அழகு நிலையத்தில் எதைப் பூசிக்கொண்டு வந்திருந்தாலும், பின்பக்கக் குழாயில் முகத்தையும் கையையும் கழுவிவிட்டு வந்தால்தான் பட்டைத் தோளில் போடவிடுவேன். காரில் வந்து இறங்குகிற பெண்கள் முகம் சுளிப்பார்கள். செல்போனில் தங்கள் படத்தைக் காட்டி, "இந்தக் கலருக்குப் பாருங்க" என்பார்கள். போனுக்குக் கல்யாணமா, உனக்கா என்று கேட்பேன். இந்தத் தொழில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. எட்டு வயதிலேயே என் அக்காளின் முகூர்த்தப் பட்டை நான்தான் எடுத்தேன்.

எங்கள் ஊர் கமுதிப் பக்கம். மிளகாய் விளைகிற பூமி. அக்காளும் நானும் அய்யாவோடு வெயிலில் மிளகாய் பறித்து, களத்தில் கிளறிக் காயவைத்து, இரண்டு பேரும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தோம். பிறந்த நிறமும் ஏறக்குறைய அதுதான். அக்காளைப் பெண் பார்க்க முதலில் வந்த இரண்டு வீட்டார் காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவதாக உப்பூர்ப் பக்கமிருந்து ஓர் இடம் வந்தபோது, அம்மாவின் அக்காளான பெரியம்மா எங்கள் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டாள். அவள் வந்தால் வீட்டில் அவள் பேச்சுத்தான். பெண் பார்க்கும் நேரத்தைப் பொழுது சாய்கிற வேளைக்கு மாற்றினாள். ஒரு டப்பா ரோஸ் பவுடரை அக்காளின் முகத்திலும் கழுத்திலும் கையிலுமாகக் காலி செய்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி அக்காளை உட்கார வைத்தாள். வந்தவர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பெரியம்மா தலையை நிமிர்த்தி நடந்தாள். அக்காள்தான் சரியாகச் சாப்பிடவில்லை. "பகல்ல பாத்தாகன்னா என்ன பெரியம்மா செய்யிறது?" என்று ஒரு நாள் அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "தாலி ஏறுனப் பெறகு பாக்கட்டும்" என்றாள் பெரியம்மா.

முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அப்போதெல்லாம் நிச்சயம் ஆன பெண்ணை ஜவுளிக் கடைக்குக் கூட்டிப்போகமாட்டார்கள். அவள் நிறத்துக்கு ஒத்த ஒரு பெண்ணைக் கூட்டிப்போய் அவள் மேல் சேலையைப் போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பதவிக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

புறப்படுகிற அன்று காலை பெரியம்மா இன்னொரு டப்பாவைத் திறந்தாள்.

"எனக்கு எதுக்குப் பெரியம்மா?"

"உங்க அக்கா மாதிரி இருக்கணும்ல. வாயை மூடிக்கிட்டு நில்லு."

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது கடை. அய்யா, பெரியம்மா, நான். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தாயாரும் ஓர் உறவுக்காரரும். அந்த அம்மாள் வாட்டசாட்டமாக, கறுத்த கையில் கெட்டி வளையல்களோடு, வாய் நிறைய வெற்றிலையோடு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுதான் தங்கச்சியா?" என்றார்.

"அச்சு அசல் அவ அக்காதான் மதினி," என்றாள் பெரியம்மா.

விரித்திருந்த வெள்ளை மெத்தையில் என்னை உட்கார வைத்தார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்து என் மேல் போட்டார். ரோஸ், சந்தனம், வெளிறிய பச்சை, ஆகாய நீலம். எல்லாம் பவுடர் பூசிய பெண்ணுக்கு ஏற்ற பட்டுகள். நான் ஒரு மகாராணியைப் போல, வேண்டாம் என்றால் கையை ஆட்டுவேன், பரவாயில்லை என்றால் உதட்டைப் பிதுக்குவேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளையின் தாயாருக்கு எதுவும் பிடிக்கவில்லை. எதைப் போட்டாலும், "என்னமோ ஒட்டமாட்டேங்குது" என்றார். கடைக்காரர் என் மேல் கிடந்த ரோஸ் பட்டை எடுத்து உதறினார். வெளிறிய புகை போலக் கிளம்பியது. அவருக்கு நான்கு தும்மல் வந்தது.

"கடையில தூசி சாஸ்தியா இருக்கே?" என்று பெரியம்மா அவர் மேலேயே பாய்ந்தாள்.

"தெனமும் ரெண்டு தரம் கூட்டுறோம் ஆச்சி," என்றார் அவர் பாவமாக.

"இந்த லைட்டுல ஒண்ணும் புரியல," என்று எழுந்தார் மாப்பிள்ளையின் தாயார். "பிள்ளையைத் தெருவுக்குக் கூட்டியாங்க. வெயில்ல பாத்துருவோம்."

பெரியம்மாவின் முகம் மாறிப்போனது. "வெயில்ல எதுக்கு மதினி, பட்டு வெளுத்துரும்" என்றாள். "ஒரு நிமிசத்துல வெளுக்கிற பட்டு நமக்கு எதுக்கு மதினி?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

வெளியே நல்ல வெயில். தோளில் மூன்று பட்டு. எனக்கு வேர்த்து ஊற்றியது. முழங்கையிலிருந்து வேர்வை வழிந்து, பவுடருக்கு நடுவே கோடு கோடாக இறங்கியது. கடைக்காரர் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"பாப்பா கையைப் பாருங்க. ராமர் அணிலுக்குப் போட்டாரே, அதே மாதிரி மூணு கோடு!"

தெருவில் போனவர்களும் சிரித்தார்கள். எனக்கு வந்த ரோஷத்தைக் கேட்கவேண்டாம். என்னைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். எங்கள் வீட்டுப் பவுடரைக் குறை சொன்னதாக எனக்குப் பட்டது.

"எனக்கு ஒரு தரம்தான் போட்டாக. அதான் வழியுது," என்றேன் சத்தமாக. "எங்க அக்காவுக்கு நீங்க பாக்க வந்தப்ப ரெண்டு தரம் போட்டாக. அவளுக்கு ஒரு கோடுகூட விழுகல!"

தெருவே நின்றுபோனது போல இருந்தது. அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெரியம்மா எதிர்க்கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பது போலப் பார்த்தாள். அவளுக்கு எழுத்தே தெரியாது.

"தங்கச்சி," என்று அய்யா தொடங்கினார். "மறைக்கணும்னு செய்யல... வந்த எடமெல்லாம்..."

"அண்ணே, நீங்க செத்த சும்மா இருங்க."

மாப்பிள்ளையின் தாயார் கடைக்காரரிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கினார். தன் முந்தானையை நனைத்து, என் வலது கையைத் தோளிலிருந்து விரல் வரை அழுத்தித் துடைத்தார். அந்தக் கையைத் தூக்கி வெயிலில் பார்த்தார். பிறகு பக்கத்தில் தன் கையையும் வைத்துப் பார்த்தார். வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார்.

"இதுதானே நெறம்? இதை முந்தியே சொல்லியிருந்தா இந்நேரம் சேலையை எடுத்துட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். ஏன் மதினி, நம்ம பொண்ணுக்குச் சேலை எடுக்க வந்தோமா, பவுடருக்கு எடுக்க வந்தோமா?"

பெரியம்மா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்ப்பா, வெளுத்ததை எல்லாம் உள்ள வையி. நல்லா ஒறப்பா எடு," என்று அவர் கடைக்குள் நடந்தார்.

என் பங்கு இங்கேதான் வருகிறது. வந்ததிலிருந்து அலமாரியின் மேல்தட்டில் ஒரு பட்டைப் பார்த்து வைத்திருந்தேன். பழுத்த மாம்பழ நிறம், கையகலத்துக்கு அரக்குக் கரை. "அது," என்று கை நீட்டினேன். கடைக்காரர் எடுத்துப் போட்டார். மறுபடி வாசலுக்குப் போனோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. துடைத்த கையின் மேல் அந்தப் பட்டு கிடந்த அழகை இப்போதும் என்னால் சொல்ல முடியும். "இதைக் கட்டிக் குடுப்பா," என்றார் மாப்பிள்ளையின் தாயார், இரண்டாவது பேச்சில்லாமல். பிறகு திரும்பி, "மதினிக்கு மட்டும் அந்தப் பவுடர் நெறத்துல ஒண்ணு எடுப்பா, அவுகளுக்கு அதுதான் ஆசை போலருக்கு" என்றார். பெரியம்மா கல்யாணத்துக்கு அந்த ரோஸ் சேலையைத்தான் கட்டினாள். கட்டாமல் இருக்க முடியுமா? எனக்கும் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்பாவாடை கிடைத்தது.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் அக்காள் என்னை அடுப்படிக்கு இழுத்துப்போனாள். "கடையில என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு."

சொன்னேன். நான் எப்படி உட்கார்ந்தேன், எத்தனை சேலையை வேண்டாம் என்றேன், கடைக்காரர் எப்படித் தும்மினார், எல்லாம். கையைத் துடைத்த இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"துடைச்சா பாத்தாக?"

"ஆமா. தண்ணி தொட்டு."

"துடைச்சதுக்குப் பெறகுதான் சேலை எடுத்தாகளா? முந்தியா, பெறகா?"

"பெறகுதான். நான்தான் கை காட்டுனேன். மேல்தட்டுல இருந்துச்சு."

"அப்ப அவுக மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?"

"வெத்தலை போட்ட மூஞ்சி மாதிரி இருந்துச்சு."

"நம்ம பொண்ணுன்னா சொன்னாக? அந்த வார்த்தைதானா? சரியாச் சொல்லு."

சரியாகத்தான் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். மறுபடியும் கை துடைத்த இடத்திலேயே நின்றாள். இத்தனை கேட்டவள், அந்தச் சேலையை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் பட்டைப் பிரித்துத் தன் கையின் மேல் போட்டுப் பார்த்தாள். அப்புறம் அதே பட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

எனக்கு வந்ததே கோபம். "புடிக்கலேன்னா எனக்குக் குடு, நான் வச்சுக்கிறேன்" என்று கத்திவிட்டு, அக்காளுக்குச் சேலை பிடிக்கவில்லை என்று பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். பதறி உள்ளே ஓடிய பெரியம்மாவும், கொஞ்ச நேரத்தில் அவளைக் கட்டிக்கொண்டு மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள். அய்யா வாசலில் நின்றுகொண்டு காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டில் நல்ல சேலையின் அருமை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, நானே சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.