கண்ணீர் அளவு உப்பு

என் கடைசிப் பிள்ளை ஜெசிந்தா ஒன்றரை வயதில் சாகக் கிடந்து பிழைத்தவள். அதை மாதா கோயிலில் எழும்பிச் சொல்லச் சொல்லி எங்கள் பங்குச் சுவாமி பலமுறை கேட்டார். எனக்குக் கூச்சம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் எழுதித் தாறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு மாரி. குருநகரில் ஒழுங்கையெல்லாம் வெள்ளம், கிணறு கலங்கிப் போய்க் கிடந்தது. பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. "தண்ணி குடுக்காதை பிள்ளை, குடுக்கக் குடுக்கப் போகும்" என்று பக்கத்து வீட்டு மரியம்மாக்கா சொன்னா. நம்பினேன். ஒரு நாள் முழுக்க நாக்கை மட்டும் நனைத்தேன். மறுநாள் காலை பிள்ளையின் கண் குழிவிழுந்திருந்தது. அழுதாள். கண்ணீர் வரவில்லை.

கோயில் பங்கு மண்டபத்துக்குக் கிளினிக் செய்ய வந்த நேர்ஸ் மிஸ்ஸியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றுத் தோலை நுள்ளி விட்டுப் பார்த்தா. மெல்லத்தான் படிந்தது.

"ஆர் உனக்குத் தண்ணியை மறிக்கச் சொன்னது? போறதை விடக் கூடக் குடுக்க வேணும்."

மிஸ்ஸி அளவு சொல்லித் தந்தா: கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லீற்றர், சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, எல்லாம் தலை தட்டி.

"முதல் நீ நாக்கில வைச்சுப் பார். கண்ணீரை விட உப்புக் கூடக்கூடாது. பாலை நிப்பாட்டாதை. மத்தியானத்துக்குள்ள மூத்திரம் போகாட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு. வீட்டில தேக்கரண்டி இருக்குதானே?"

ஓம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் தேக்கரண்டி இல்லை. சொல்ல வெட்கம்.

வந்து உப்பைக் கையால் போட்டேன். பத்து வயதிலிருந்து கருவாட்டுக்கு உப்புப் போட்ட கை அது. பிள்ளை ஒரு மிடறு குடித்துத் துப்பினாள். மறுபடி கொடுத்தேன், சத்தி எடுத்தாள். கை விட்டுப் போச்சு என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன். "தாயே, நீயும் பிள்ளை பெத்தவள்தானே. என்ன செய்யிறதெண்டு எனக்குக் காட்டு." வேறு செபம் வாயில் வரவில்லை. கண்ணீர் இறங்கி நாக்கில் பட்டது. அப்போதுதான் மிஸ்ஸி சொன்னது நினைவு வந்தது. கோப்பையை எடுத்து ருசி பார்த்தேன். கடல்.

சண்டையால் கடலுக்குப் போகத் தடை என்று வீட்டில் இருந்த என் மனுசனும் வாங்கிக் குடித்துப் பார்த்தார். "என்னடியப்பா, பிள்ளையைக் கருவாடு போடப் போறியோ?" பகிடி மாதிரித்தான் கேட்டார்.

அந்தத் தண்ணீரை வெளியில் ஊற்றிவிட்டு மரியம்மாக்காவிடம் தேக்கரண்டி கேட்டேன். "இதைக் கேக்கவே உனக்கு இவ்வளவு நேரம்?" என்று ஏசிக்கொண்டே தந்தா. அளந்து கரைத்தேன். ஒரு கரண்டி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. கோயிலில் மத்தியான மணி அடிக்கும்போது என் மடி நனைந்தது. பின்னேரம் பால் காணாது, இன்னும் வேணுமென்று கத்தினாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பிள்ளை அழ அழ நான் சிரித்தேன்.

ஜெசிந்தாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். என் கூச்சம் முழுக்கப் போகவில்லை. ஆனால் இல்லாததை இல்லை என்று சொல்லப் பழகினேன். ஒழுங்கையில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றால் போனாலும் ஒரு தேக்கரண்டியோடு போய் நிற்பேன்.

மாதாவிடம் கேளுங்கோ, அவ காட்டுவா. கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதேங்கோ. பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கோ, கண் குழிவிழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. கொடுக்க முதல், ஒரு துளி ருசி பாருங்கோ.