ரோசியின் நாற்காலி

பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது ரோங்கே அக்கா முடியைக் கழற்றுவாள். தோள்வரை அலையலையாக இறங்கும் நீள விக்கை இரண்டு விரலால் நெற்றிப் பக்கம் நெம்பி எடுத்து, தண்ணீர் பாட்டிலின் மேல் கவிழ்ப்பாள். அடியில் நெருக்கிப் பின்னியிருக்கும் சொந்த முடியை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திக்கொள்வாள். பிறகு இழுப்பறையிலிருந்து, காதோடு நின்றுவிடும் குட்டை விக். இரண்டு கிளிப். கண்ணாடி கிடையாது, அணைந்த போன் திரைதான். இரண்டாவது லேப்டாப்பைத் திறக்கும் முன் உதடு மட்டும் அசையும்: "இபி." ஒரு மணிக்கு எல்லாம் திரும்ப நடக்கும். அப்போது உதடு சொல்வது, "ரோசி."

இபாடானில், மொகோலா மேட்டில், அல்ஹாஜி சிக்கிருவின் மாடியறை அது. கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி போனால் ஜெனரேட்டர் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி ஆறு பேர் மேசை வாடகைக்கு எடுத்து, கடலுக்கு அப்பால் இருக்கும் கம்பெனிகளுக்கு வேலை செய்தோம். என் மேசை அக்காவுக்கு எதிரே. நான் அதிகம் பேசமாட்டேன். பார்ப்பேன்.

அவள் முழுப்பெயர் இபிரோங்கே. முழுநேர வேலை, மேசை நாற்காலி விற்கும் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது. அங்கே மேனேஜர் ட்ரெவர் முதல் நாளே வேறு பெயர் வைத்துவிட்டார். "என் மூஞ்சியப் பாத்ததுமே ரோசின்னு தோணிச்சாம் தம்பி" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எல்லாப் பதிலின் கீழும் அவளாகவே ஒரு வரி சேர்ப்பாள்: 'உங்கள் நாற்காலி நான்கு கால்களோடும் நலமாக வந்து சேரட்டும்.'

இரண்டாவது வேலை சும்மா வரவில்லை. ட்ரெவரின் ஊரிலேயே ஒரு பெண்ணை எடுத்து, அவளுக்கு வேலை சொல்லித்தரும்படி அக்காவிடம் விட்டார்கள். அந்தப் பெண் பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டாள். அக்காவுடையதைப் போல் நான்கு மடங்கு. அக்கா கேட்டதற்கு ட்ரெவர் சொன்னது, "உங்க ஊர்ல செலவு கம்மிதானே." நர்ஸ் படிப்பில் இருந்த இரண்டு தங்கைகளுக்கும் அக்காவின் சம்பளம்தான். அந்த மாதமே மருத்துவமனைகளுக்கு நேரம் குறித்துக்கொடுக்கும் இன்னொரு கம்பெனியில், இபி என்ற பெயரில், தினம் இரண்டு மணி நேர வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு இடத்திலும் கேமரா போட்டே ஆக வேண்டும். ஒரு இடத்துப் படம் மற்ற இடத்தில் யார் கண்ணிலாவது பட்டால் வேறு வேறு பெண்ணாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்தக் குட்டை விக். இரண்டு வேலையிலும் ஒரு கடிதம் தாமதமானதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. வேறு எங்காவது வேலை பார்ப்பவர்கள் உடனே நீக்கப்படுவார்கள், வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். விளக்கம் சொல்ல, செவ்வாய் ஒரு மணிக்குக் கூட்டம்.

அந்தச் செவ்வாய், ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கரண்ட் போனது. பேட்டரி இருமிவிட்டுப் படுத்தது. கீழே அல்ஹாஜி ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா படிக்கட்டில் நின்று அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். இணையம் திரும்பியபோது மணி ஒன்று நாலு. அக்கா பாய்ந்து கூட்டத்தைத் திறந்தாள். திரையின் மூலையில் தன் முகத்தைப் பார்த்தாள். தலையில் குட்டை விக். ரோசியின் முடி எதிரே பாட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தது. அவள் கை பாதிவரை எழுந்து, இறங்கியது.

ட்ரெவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. "ரோசி, எப்பவும் போல இருக்கீங்க! நாம ஒரு குடும்பம். உங்க ஒவ்வொருத்தரையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

இருபது நிமிடம். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

"அல்லா காப்பாத்தினான் மகளே! ஒரு ஆடு வெட்டு" என்றார், டீசல் கையோடு மேலே வந்து நடந்ததைக் கேட்ட அல்ஹாஜி.

"ஜெனரேட்டர ஒழுங்கா வச்சிருந்தா எந்த ஆடும் சாக வேண்டாம், அல்ஹாஜி." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "மூணு வருஷம் தினமும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. ஒருத்தராவது முடிய வெட்டிட்டியான்னு கேக்கல. தெருமுனையில அகாரா வடை சுடறவ கேப்பா. எனக்கு ஆகாதவ கூடக் கேப்பா."

"கேக்காததுக்கா கோவம்? கேட்டிருந்தா வேலை போயிருக்கும்" என்றார் அவர்.

"இந்தக் கண்ணுக்கா நான் இத்தன நாள் பயந்து செத்தேன்?"

எனக்கும் அன்று பற்றிக்கொண்டு வந்தது. ட்ரெவரின் அறிமுகப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். இன்னும் இரண்டு கம்பெனிகளுக்கு ஆலோசகர் என்று அவரே பெருமையாகப் போட்டிருந்தார். அவர் செய்தால் அனுபவம். மொகோலா மேட்டில் ஒருத்தி செய்தால் திருட்டு.

வெள்ளிக்கிழமை அக்கா விக் இல்லாமல், பின்னிய தலையோடு வந்தாள். கையெழுத்துக்குப் பதிலாக எழுதியதை என்னிடம் நீட்டினாள். "நீ கவிதை படிக்கறவன். இதுல பூ கீ ஒட்டிடாத. எழுத்துப்பிழை மட்டும் பாரு."

'என் பெயர் இபிரோங்கே. எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மூன்று வருடத்தில் என் வேலையில் ஒரு குறை காட்டுங்கள். நான் பழக்கிய பெண்ணுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுங்கள், இன்றே அந்த இன்னொரு வேலையை விட்டுவிடுகிறேன்.'

"தங்கச்சிங்க படிப்பு, அக்கா?" என்றேன்.

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே அதைக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

உடைந்த மேசைக்கால் பற்றி யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தபோது, வாக்கியத்தின் நடுவில் கம்பெனித் திரை மூடிக்கொண்டது, திரும்ப அவளை உள்ளே விடவில்லை. கடிதம் இல்லை. அழைப்பு இல்லை. இரண்டு விக்குகளையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். மருத்துவமனை வேலையை வீட்டிலிருந்து தொடர்ந்தாள். அதன் சம்பளம் ஒரு தங்கைக்குத்தான் போதும். இளையவள் அந்த வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த மேசைக்கு மொரோலாக்கே என்ற பெண் வந்தாள். அதே கம்பெனி. நான் கேட்காமலே சொன்னாள்: "அங்க என் பேரு ரோசி. என் மூஞ்சியப் பாத்ததுமே தோணிச்சாம்." பழகிக்கொள்ள அனுப்பிய பழைய கடிதங்களைத் திறந்து காட்டினாள். மூன்று கோப்புகள்: ரோசி ஒன்று, ரோசி இரண்டு, ரோசி மூன்று. மூன்றாவதில் எல்லாக் கடிதத்தின் கீழும் அந்த நாற்காலி வரி இருந்தது. இனி எல்லாப் பதிலிலும் அதைச் சேர்க்க வேண்டும் என்று ட்ரெவர் குறிப்பும் எழுதியிருந்தார்.

முதல் கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்தேன். அக்கா வேலையில் சேர்வதற்கு ஐந்து வருடம் முந்தியது.